டிரம்ஸ் புரோகிராமில் ஆள் வாசிக்கிற ஆட்டம் வரமாட்டேங்குது

கும்பகோணத்துப் பையன்: திருவிழாப் பாட்டு, 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 பீட்), ஹைஹாட் (ஜோடி சிம்பல்) பதினாறாம் நோட்டில், அதாவது பீட்டுக்கு நாலு அடியாக, ஓடுகிறது. குவாண்டைஸ் பண்ணி எல்லா அடியையும் கட்டத்தில் அப்படியே உட்காரவைத்தால் தையல் மெஷின், ஹ்யூமனைஸை அழுத்தினால் குடித்துவிட்டு வாசித்த மாதிரி. என்ன செய்யலாம்?

மன்னார்குடி கீபோர்டு: ஹ்யூமனைஸ் கண்டபடி சிதறடிக்கும், ஸ்விங் என்பது ஒரே சீரான தாமதம். ஜோடி நோட்டுக்கான நேரத்தில் முதல் நோட்டுக்கு 50 சதவீதம் என்றால் நேர் நடை, 66-க்குப் போனால் கிட்டத்தட்ட திஸ்ரம் (மூன்றாகப் பிரியும் நடை). 58 வைத்துப் பாருங்கள், உங்கள் வேகத்தில் ஒவ்வொரு இரண்டாவது நோட்டும் 24 மில்லிசெகண்ட் பின்னால் விழும்.

திருவாரூர் தாளம்: அதைவிட வெலாசிட்டிதான், அதாவது ஒவ்வொரு அடியின் கனம்தான், முக்கியம் என்பேன். தவில்காரர் வலது கையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா, கூடு மாட்டின விரல்கள் எல்லா அடியையும் ஒரே கனத்திலா போடுகின்றன? ஹைஹாட்டை 100, 55, 80, 50 என்று ஏற்றி இறக்குங்கள், அப்புறம் ஸ்விங்கைத் தொடலாம்.

கும்பகோணத்துப் பையன்: சரி அண்ணே, வெலாசிட்டி மாற்றினதும் ஸ்விங் 55-லேயே ஆடுது. 58 கொஞ்சம் நொண்டுது.