ஃபிரிட்ஜில் வைத்த உருளைக்கிழங்கு இனிக்கிறது, சிப்ஸ் கருகுகிறது. ஏன்?

மீனா, உட்லண்ட்ஸ்: சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் வாங்கிய உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்திருந்தேன். பொரியல் லேசாக இனிக்கிறது. சிப்ஸ் போட்டால் மொறுமொறுப்பு வருமுன்பே பழுப்பேறிக் கசக்கிறது. எண்ணெய் புதியதுதான். வெளியே வைத்தால் இந்த வெக்கையில் முளைவிடுகிறது. கிழங்கு கெட்டுவிட்டதா?

கிழங்குக்காரன்: கெடவில்லை அக்கா, குளிர்தான் காரணம். அறுவடைக்குப் பிறகும் கிழங்குக்கு உயிர் உண்டு. சுமார் 8 டிகிரிக்குக் கீழே போனால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். முதலில் சுக்ரோஸ். பிறகு இன்வர்டேஸ் என்ற நொதி அதைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும். ஃபிரிட்ஜ் 4 டிகிரி. இந்த இரண்டு சர்க்கரையும் கிழங்கிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சூடான எண்ணெயில் சேரும்போதுதான் அந்தப் பழுப்பும் கசப்பும். உடலுக்கு ஆகாத அக்ரிலமைடும் அப்போதுதான் உருவாகிறது. கருகியதைத் தயவுசெய்து சாப்பிடாதீர்கள்.

ராஜி: இருப்பதை வீணாக்க வேண்டாம். சாம்பாருக்கோ மசாலுக்கோ போடுங்கள். தண்ணீரில் வேகும்போது சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அந்தப் பிரச்சினை வராது. சிப்ஸ்தான் வேண்டுமென்றால் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீவி, அலசி, 70–75 டிகிரி வெந்நீரில் 3 நிமிடம் போட்டு வடியுங்கள். சர்க்கரையில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். துணியில் ஈரம் போக ஒற்றி, 160 டிகிரி எண்ணெயில் பொரித்து, வெளிர்மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

மீனா, உட்லண்ட்ஸ்: வெளியே எடுத்து வைத்தால் இனிப்பு போகுமா?

கிழங்குக்காரன்: பெரும்பாலும் குறையும், முழுக்கப் போகாது. 15–20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் சர்க்கரையில் கொஞ்சம் மாவாகத் திரும்பும், கொஞ்சம் கிழங்கின் சுவாசத்தில் செலவாகும். நம் வீட்டில் அவ்வளவு குளிர்ச்சி ஏது? ஏர்கான் அறையில் மூலையோரம் கூடையில் வைத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை ஒரே ஒரு சீவலைப் பொரித்தால் நிறமே சொல்லிவிடும். கிழங்கு முதுமையடைந்து சுருங்கி இனித்தால் மட்டும் எந்த வைத்தியமும் பலிக்காது.

ராஜி: இன்னொன்று. இங்கே வருவதெல்லாம் இறக்குமதிதானே? கடைக்கு வருமுன்பே குளிர்கிடங்கில் இருந்திருக்கலாம். சமையலுக்கான கிழங்கை இந்தியாவில் 2–4 டிகிரியில் வைப்பது வழக்கம். சிப்ஸுக்கென்றே குஃப்ரி சிப்சோனா போன்ற ரகங்கள் உண்டு, அவற்றை 10–12 டிகிரியில் வைப்பார்கள். ஆகவே மொத்தமாக வாங்குமுன் ஒரு கிழங்கைப் பொரித்துப் பாருங்கள். வைன் சில்லர் (ஒயின் பாட்டில் வைக்கும் சிறு குளிர்பெட்டி) இருந்தால் 10–12 டிகிரியில் அதில் வைக்கலாம். இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்கானது மட்டும் வாங்கி, காகிதப் பையில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.

சேகர்: என் கிழங்கு நடுவில் மட்டும் கறுப்பாக இருக்கிறது. இதுவும் சர்க்கரையா?

கிழங்குக்காரன்: இல்லை அண்ணே. பச்சையாக வெட்டும்போதே நடு கறுத்திருந்தால் அது மூச்சுமுட்டல். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெக்கையில் வைத்தால் உள்ளே ஆக்சிஜன் போகாது. பையைப் பிரித்துக் கொட்டிப் பரப்புங்கள், கறுத்ததை வெட்டி எறியுங்கள்.