கடலோர வீட்டின் மாடிக்கு எந்த வெப்பக்காப்பு ஏற்றது?

கேள்வி (கடலூரிலிருந்து):
வணக்கம். எங்கள் வீட்டு மாடி அறையில் சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு பதினொரு மணிக்கும் கூரையிலிருந்து அனல் இறங்குகிறது, ஏ.சி. ஓடினாலும் அறை குளிர நெடுநேரமாகிறது. காங்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, தட்டோடு பதித்திருக்கிறார்கள். கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வைத்து ஃபால்ஸ் சீலிங் போடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். வெள்ளைப் பூச்சே போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதைச் செய்வது நல்லது?

மறுமொழி (கட்டடப் பொறியாளர், சென்னை):
வெப்பத்தைத் தளத்துக்கு மேலேயே தடுப்பதுதான் நம் கடலோரத்துக்குப் பொருந்தும். பகலில் காங்கிரீட் உறிஞ்சும் வெப்பம் சில மணி நேரம் கழித்தே கீழே வந்து சேர்கிறது. அதனால்தான் இரவிலும் அனல் அடிக்கிறது. வெளியே காற்றும் வெம்மையாகவே இருப்பதால் தளம் எளிதில் ஆறுவதில்லை. முதலில் வெள்ளைக் கூலிங் டைல்ஸோ கூல் ரூஃப் பெயின்டோ போட்டு வெயிலைத் திருப்பி அனுப்புங்கள். செலவு குறைவு, பலன் உடனே தெரியும். ஆனால் தூசியும் பாசியும் படிந்தால் அதன் ஆற்றல் குறையும் என்பதால் ஆண்டுதோறும் கழுவ வேண்டும்.

அதுவும் போதாதென்றால் தளத்தின் மேல் 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். (அழுத்தி வார்த்த பாலிஸ்டைரீன் நுரை) அட்டை பதிக்கலாம். காங்கிரீட்டோடு ஒப்பிட்டால் இதன் வழியே வெப்பம் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான் கடக்கும். தெர்மாகோலைவிட ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். வெயில் நேரடியாகப் பட்டால் சிதைவதால் மேலே காரையும் ஓடும் கட்டாயம் வேண்டும். குடியிருப்புகளுக்கான இந்திய எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பான எகோ நிவாஸ் சம்ஹிதா 2018 கூரைக்கு விதித்திருக்கும் 1.2 (வாட்/ச.மீ.-கெல்வின்) என்ற வெப்பக்கடத்தல் வரம்புக்குள் இது தாராளமாக அடங்கும்.

மறுமொழி (ஏ.சி. பணியாளர், நாகப்பட்டினம்):
ஃபால்ஸ் சீலிங் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. கடலோரத்தில் காற்றின் பனிநிலை (அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரியை ஒட்டியிருக்கும் நாள்கள் பல. அறையை 23 டிகிரியில் வைத்தால் ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையும் அந்தப் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்துவிடும். இடுக்குகள் வழியே வெளியிலிருந்து மேலே புகும் ஈரக்காற்று அந்தப் பலகையின் முதுகில் நீராக ஊறும். நனைந்த கிளாஸ் வூல் வெப்பத்தைத் தடுக்காது, பூஞ்சைதான் பிடிக்கும். பலகையைக் கழற்றியபோது கருத்த திட்டுகளும் துருப்பிடித்த கம்பிகளும் தெரிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். போட்டே ஆக வேண்டுமென்றால் கிளாஸ் வூலில் ஈரத்தைத் தடுக்கும் அலுமினியத் தாள் ஒட்டிய பக்கம் மேல்நோக்கி இருக்கட்டும். குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்து அறைப் பக்கம் திருப்பிவிடாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அட்டை பதிக்கும் முன் பழைய தட்டோட்டைப் பெயர்க்க வேண்டுமா?

மறுமொழி (கட்டடப் பொறியாளர், சென்னை):
கசிவு இல்லையென்றால் பெயர்க்க வேண்டாம். வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுதும் நீர் தேக்கிப் பாருங்கள். கீழே ஓதம் தெரிந்தால் நீர்க்காப்பை முதலில் முடியுங்கள். கூடுதல் எடையைத் தளம் தாங்குமா என்று உள்ளூர்ப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டைக்கு மேல் வரும் காரையில் வடிகால் நோக்கிய வாட்டம் கெடாமல் கொத்தனாரை நூல் பிடித்துப் போடச் சொல்லுங்கள்.