செயின்ட் ஜஸ்ட் சுரங்கக் கரை: பாறையையும் கடலையும் பார்த்தால் போதுமா?

நெடுவழியன்:
இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலின் செயின்ட் ஜஸ்ட் ஊருக்குச் செல்வோருக்கு அரை நாள் போதும் என்பது என் கருத்து. பென்சான்ஸ் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தில் ஊரை அடைந்து, பொட்டாலக் பாறைச் சரிவில் அலைக்கு மேலே நிற்கும், பழைய வெள்ளீயச் சுரங்கத்தின் எந்திரங்கள் இருந்த இரண்டு கட்டடங்களை, அதாவது என்ஜின் வீடுகளைப் பார்த்துவிட்டு, கேப் கார்ன்வால் முனையில் மாலை வெயிலைக் கண்டு திரும்பலாம். கீவர் சுரங்க அருங்காட்சியகத்துக்குள் இரண்டு மணி நேரம் செலவிடுமாறு நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்; அந்தக் கரையே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

தங்கவயல் மகள்:
நெடுவழியன் அவர்களே, கரை எதையும் தானாகச் சொல்வதில்லை. நீங்கள் பார்த்த இரண்டு கட்டடங்களில் கீழே இருப்பது சுரங்கத்திலிருந்து நீரை இறைத்தது; மேலே இருப்பது, கடலடிப் பாறைக்குள் சாய்வாக இறங்கிய குழியிலிருந்து தாதுவை மேலே இழுத்தது. அருகிலுள்ள லெவன்ட் சுரங்கத்தில் 1919 அக்டோபர் 20 அன்று, ஆட்களை ஏற்றி இறக்கும் எந்திரத்தின் நீண்ட தண்டு மேல்முனையில் முறிந்தபோது, வேலை முடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் அதன் படிகளில் நின்று ஏறிக்கொண்டிருந்தார்கள். 31 பேர் இறந்தார்கள். புல் மூடிய அந்த மேட்டில் நின்றுகொண்டு வெயிலை மட்டும் பார்த்துத் திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தாத்தா கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். அங்கே மேற்பார்வை செய்தவர்களில் கார்ன்வாலிலிருந்து வந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆகவே அந்தக் கரை எனக்கு அந்நிய ஊர் அன்று.

நெடுவழியன்:
தங்கள் தாத்தாவின் உழைப்பை வணங்குகிறேன். ஆயினும் எல்லாப் பயணிகளும் துக்கம் விசாரிக்கப் போக வேண்டும் என்பது கடுமையான நிபந்தனை. 2006இல் இந்தச் சுரங்க நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கட்டடங்களின் பராமரிப்புக்குப் பணமும் வந்து சேர வேண்டுமல்லவா? அழகை நாடி வருகிறவன் கொடுக்கும் பணமும் அந்தச் சுவர்களைத் தாங்குகிறது.

பிளிமத் வாசி:
இருவரும் சுவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தது. 1990இல் கீவர் சுரங்கம் மூடப்பட்டது. ஆகவே இது பாட்டன் காலத்துக் கதை மட்டுமன்று. அங்கே வேலை இழந்தவர்களில் இன்றும் அந்த ஊர்களில் வாழ்பவர்கள் உண்டு. அரை நாளில் திரும்புகிறவர் ஓரிரவு தங்கி, ஊர்க் கடைகளில் உண்டு, அவர்களோடு பேசினால் நல்லது.

தங்கவயல் மகள்:
பணத்தைப் பற்றி நெடுவழியன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். 2001இல் மூடப்பட்ட எங்கள் தங்க வயலில், தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் இன்றும் ஊருக்கு நடுவே நிற்கின்றன; சுரங்க வாயில்களின் இரும்புக் கோபுரங்களைக் காக்க, கார்ன்வாலுக்கு வருவதுபோல் பயணிகள் கூட்டம் எங்களுக்கு வரவில்லை. அழகு அங்கே ஊரைக் காப்பாற்றியதென்றால் மகிழ்ச்சிதான்.

ஆனால் கீவரைத் தவிர்க்கச் சொன்னதை மட்டும் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவர்கள் குளித்து உடை மாற்றிய கூடத்தை, அவர்களுடைய அலமாரிகளோடு, அங்கே அப்படியே வைத்திருக்கிறார்கள். முதலில் அந்தக் கூடத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, பிறகு கரையோரமாக லெவன்ட்டுக்கும் அங்கிருந்து பொட்டாலக்குக்கும் நடந்து பாருங்கள். அந்த என்ஜின் வீடுகளை நீங்கள் அப்போதும் படம் எடுப்பீர்கள். எடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை.