மறுமொழி: பாம்பின் நச்சுப்பல் வகைகள் – மடிபல், மடியாப்பல்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

செவிலியர் கையேட்டுக்காகச் சேலத்து நண்பர் கேட்டவை இரண்டே சொற்கள். கண்ணாடி விரியனுக்கு இருப்பது போன்ற மடங்கும் நச்சுப்பல்லுக்கு ஒன்று, நாகத்துக்கு இருப்பது போன்ற மடங்காத நச்சுப்பல்லுக்கு ஒன்று. உரையாடல் இழை எங்கெங்கோ போய்விட்டது. வழியில் எழுந்த ஒரு யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

> கட்டுவிரியன் உண்மையில் விரியனே அல்ல. எனவே ‘கட்டுநாகம்’ என்று மாற்றி எழுதுவோம்.

முதல் வாக்கியம் சரி, இரண்டாவது வேண்டாம். கட்டுவிரியன் நாகத்தின் குடும்பம். ராஜநாகம், பவளப் பாம்பு, கடற்பாம்பு எல்லாம் அதன் பங்காளிகள். அதன் நஞ்சு நரம்பைத் தாக்கும். இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் தசைகள் ஓயும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், மூங்கில் குழிவிரியன் ஆகியவை வேறு குடும்பம். கண்ணாடி விரியனும் சுருட்டையும் கடித்தால் இரத்தம் உறையும் தன்மையே கெட்டுப்போகும். ஆனால் நள்ளிரவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடி வருகிறவர் ‘கட்டுவிரியன்’ என்றுதான் சொல்வார். கையேட்டில் ‘கட்டுநாகம்’ என்று போட்டால், யாருமே பார்த்திராத ஒரு பாம்பைச் செவிலியர் தேடிக்கொண்டிருப்பார். ஊர்ப்பெயரை ஊராரிடமே விட்டுவிடுவோம். குடும்பம் பிரிக்கப் பல் போதும்.

ஃபார்மலினில் வைத்த கண்ணாடி விரியனின் வாயைத் திறந்தால் முதலில் பல்லே தெரியாது. மேலண்ணத்தின் இருபுறமும் வெளுத்த சதைப் பை ஒன்று படுத்திருக்கும். குண்டூசியால் அந்த உறையைப் பின்னுக்குத் தள்ளினால் உள்ளே வளைந்த பல், நுனி தொண்டையைப் பார்த்தபடி கிடக்கும். பல் தானாக மடங்குவதில்லை. அது பதிந்திருக்கும் குட்டையான மேல்தாடை எலும்புதான் சுழல்கிறது. கடிக்க வாய் திறக்கும்போது பல் முன்னோக்கி நிமிர்கிறது. இப்படி மடக்கி வைக்க முடிவதால்தான் விரியன்களுக்கு நீளமான பல் வாய்த்திருக்கிறது. ஆப்பிரிக்கக் காபூன் விரியனுக்கு 5 செ.மீ. வரை வளரும். நாகத்தின் பல் வாயின் முன்பக்கத்தில் குட்டையாக நின்றபடியே இருக்கிறது. அதை நீளமாக வளர்த்தால் வாயை மூட முடியாது.

இனிச் சொற்கள். ‘நிலைப்பல்’ என்று முன்மொழிந்த நண்பர் பள்ளிப் பாடநூலை மறந்துவிட்டார். பால்பல் விழுந்து முளைப்பது அங்கே நிலைப்பல். ‘முன்னிலைப்பல்’ என்றால் இலக்கணம் படித்தவர்கள் தன்மைப்பல் எங்கே, படர்க்கைப்பல் எங்கே என்று கேட்பார்கள்.

பல்லைக் குறிக்கும் பழைய சொல்லான ‘எயிறு’ எனக்கும் பிடித்ததுதான். ஆனால் இன்று அதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் ஈறு என்று எடுத்துக்கொள்வார்கள். மருத்துவக் கையேட்டில் அது ஆபத்து. பாம்பின் நச்சுப்பல் நான்குக்குக் காளி, காளாத்திரி, யமன், யமதூதி என்று பழைய வழக்கில் பெயர் உண்டு. வேலை செய்யும் பல் இரண்டுதான். அவற்றின் பின்னால் மாற்றுப்பற்கள் வளர்ந்துகொண்டிருக்கும். அவற்றையும் சேர்த்து எண்ணினார்களோ என்னவோ. பெயர்கள் அபாரம், நமக்குப் பயன்படாது.

என் பரிந்துரை: மடிபல், மடியாப்பல். முன்னது சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை, ஆகவே இடையில் ஒற்று மிகாது. ‘மடிப்பல்’ என்று எழுதினால் பசுவின் மடியில் பல் முளைத்துவிடும். பின்னது வாடாமல்லி போல எதிர்மறை; பல் என்று வல்லினம் வருவதால் இங்கே ப் மிகும். ஒன்றைக் கேட்டவுடன் மற்றது விளங்கும் என்பதே இந்த இணையின் பலம். ‘மடி’ என்றால் சோம்பல், ‘மடிந்தான்’ என்றால் இறந்தான் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: பாயையும் குடையையும் மடிக்கிறவர்களுக்குக் குழப்பம் வராது.

சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி ஆகியவற்றுக்கும் ஒரு பல்வகைப் பெயர் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். ‘நச்சுப்பல் இல்லாதவை’ என்று எழுதினால் போயிற்று. எல்லாவற்றுக்கும் சொல் புனைய வேண்டியதில்லை.

---

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கண்ணாடி விரியனை நாங்கள் புடையன் என்போம். ஆகவே பல்லை வைத்துப் பிரிப்பது இரு கரைக்கும் பொருந்தும். ஓர் ஐயம்: பச்சைப் பாம்புக்கும் பூனைப் பாம்புக்கும் நச்சுப்பல் வாயின் பின்பகுதியில் இருக்கிறது, அதுவும் மடங்காது. உங்கள் கணக்கில் அவையும் மடியாப்பல் பாம்புகள் ஆகிவிடாதா? ‘கடைப்பல்’ என்று தனியாகப் பிரிக்கலாமே.

---

நல்ல கேள்வி ஐயா. கடைப்பல் என்றால் கடைவாய்ப்பல் நினைவுக்கு வரும். ‘பின்நச்சுப்பல்’ நீளமானாலும் தெளிவு. மடியாப்பல் என்பதை வாயின் முன்பக்கம் இருப்பதற்கு மட்டுமே ஆள வேண்டும் என்று விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடலாம். பச்சைப் பாம்பைக் கண்கொத்தி என்று அடித்துக் கொல்கிறார்கள். அதன் நஞ்சு மெல்லியது, பல்லியையும் தவளையையும் அடக்கத்தான் உதவும் என்பதையும் கையேட்டில் ஒரு வரி எழுதினால் நல்லது.

சேலத்து நண்பருக்கு இன்னொன்று. இந்தச் சொற்களை விளக்கப் பகுதியில் மட்டும் வையுங்கள், கடிவாயைப் பார்த்துப் பாம்பை அடையாளம் காணும் அட்டவணை எதுவும் வேண்டாம். தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல தடவை தடமே தெரியாது, வலியும் இராது; விடிகாலையில் வயிற்றுவலி என்று வருவார். விரியன் கடியா என்று ஐயம் வந்தால் புதிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. ‘உறைவுச் சோதனை’ என்ற பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது, அதை மாற்ற வேண்டாம்.