சிங்கிள் ஸ்பீடாக மாற்றும்போது செயின்ரிங் உள்ளேயா, வெளியேயா?

நங்கநல்லூர் மிதி
என்னிடம் பழைய ஸ்டீல் ரோடு பைக் ஒன்று இருக்கிறது. முன்னால் 52, 39 பல் என இரண்டு செயின்ரிங் (மிதியோடு சுற்றும் பல்சக்கரம்), பின்னால் 8 கியர் கேசட் (பல்சக்கர அடுக்கு), ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) அகலம் 130 மி.மீ. மூன்று மழைக்காலம் வேளச்சேரித் தண்ணீரில் ஓட்டியதில் கியர் மாற்றும் டீரெய்லரின் ஸ்பிரிங் செத்துவிட்டது, ஷிஃப்டரும் கியரைப் பிடிப்பதில்லை. தரமணி அலுவலகத்துக்குப் போகிற வழியில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான், அதனால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே கியருள்ள சிங்கிள் ஸ்பீடாக்கப் போகிறேன். முன்னால் 42, பின்னால் 16 வாங்கலாம் என்று எண்ணம். கிராங்கில் (மிதிக்கட்டையின் கை) ரிங் மாட்ட இரண்டு இடம் இருக்கிறதே, எதில் போடுவது? பின் ஆக்சில் உட்காரும் டிராப்அவுட் காடி சாய்வானது, ஆக்சிலை முன்னே பின்னே நகர்த்த முடியும்.

ராயபுரம் ஸ்பேனர்
உள்ளே போடுங்கள் தம்பி. ரோடு டபுள் கிராங்கில் இரண்டு ரிங்குக்கும் நடுப்புள்ளி ஃபிரேமின் மையத்திலிருந்து 43.5 மி.மீ., ஆக உள் ரிங் சுமார் 41, வெளி ரிங் சுமார் 46. ஒரே கியருள்ள டிராக் சைக்கிள்களின் செயின் லைனே (ஃபிரேம் மையத்திலிருந்து செயின் ஓடும் தூரம்) 42தான், உள் இடம் அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அப்புறம் வெளி இடம் காலியாகிறது இல்லையா, அங்கே ஒரு கார்டு மாட்டலாம். உங்கள் 52 ரிங்கையே லேத் பட்டறையில் கொடுத்துப் பல்லைச் சீவி, உள்ளே இருக்கிற ரிங்கைவிடச் சற்றே பெரிய வட்டமாக்கி மாட்டினால் அலுவலகப் பேன்ட் கிரீஸாகாது. போல்ட்டும் பழசே போதும், ஏனென்றால் இரண்டு தகடு இருந்த இடத்தில் மறுபடி இரண்டு தகடு வந்துவிடும்.

ஈசிஆர் வாடை
அண்ணே, கார்டு விஷயம் சரி, மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பின்னால் இருப்பது கேசட் ஃப்ரீஹப், பல்சக்கரங்களை வரிசையாகச் செருகும் உருளை. ஒற்றைப் பல்சக்கரத்தையும் ஸ்பேசர்களையும் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். 130 ஹப்பில் பாதி 65. ஹப்பின் ஓரத்து லாக்நட் முகத்திலிருந்து 19 மி.மீ. உள்ளே பல்சக்கரம் நின்றால் செயின் லைன் 46, 24 மி.மீ. உள்ளே நின்றால் 41. இரண்டும் ஃப்ரீஹப்பில் கிடைக்கிற இடம்தான். பின்பக்கம் நகரும்போது முன்பக்கத்துக்கு எதற்குக் கட்டாயம்?

உள் இடத்தில் உண்மையான சிக்கல் செயின்ஸ்டே, கிராங்கிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாய். அந்த இடம் 39க்கு என்று செய்தது. ஒரு பல் கூடினால் ரிங்கின் ஆரம் 2 மி.மீ. கூடும், 42 போட்டால் 6 மி.மீ. ஃபிரேம் பக்கமாகப் போகிறது, செயின்ஸ்டே அங்கேதான் வெளியே விரிகிறது. என் பழைய ஃபிரேமில் உள்ளே 44 மாட்டி, ஒரு வாரத்தில் பெயின்டைச் சீவி இரும்பு தெரிந்தது. வெளியே 46, பின்னால் 17 போட்ட பிறகு நான்கு வருடமாக நிம்மதி. கார்த்திகையில் கோவளத்திலிருந்து திரும்பும்போது வாடைக்காற்று முகத்தில் அடிக்கும், அதிலும் அந்தக் கியரில் மிதித்து வந்துவிடுகிறேன்.

இன்னொன்று, ரிங் பெரிதானால் அதே மிதிக்குச் செயினில் விழும் இழுவிசை குறையும். 39ல் விழுவது 52ல் விழுவதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். தேய்மானமும் அதைப் பொறுத்துத்தான்.

ராயபுரம் ஸ்பேனர்
செயின்ஸ்டே இடைவெளியை அளந்துதான் வாங்க வேண்டும், அதில் மறுப்பு இல்லை. ஆனால் "பின்னால் நகர்த்திக்கொள்ளலாம்" என்பதை நம்பி ரிங்கை வெளியே போட்டுவிட்டு, பின்னால் அளக்காமல் விட்டவர்களின் சைக்கிள்தான் என்னிடம் அதிகம் வருகிறது. கேசட்டின் நடுவில் பல்சக்கரத்தை வைத்து, கண்ணால் பார்த்து, நேராகத்தான் இருக்கிறது என்று போய்விடுகிறார்கள். நடு என்பது 42, 43 பக்கம், ரிங் 46ல் நிற்கிறது.

பெசன்ட் நகர் உப்பு
3 மி.மீ. என்ன பெரிய விஷயம்? கியர் சைக்கிளில் கடைசிப் பல்சக்கரத்தில் செயின் 15 மி.மீ.க்கு மேல் கோணலாக ஓடவில்லையா?

ராயபுரம் ஸ்பேனர்
ஓடுகிறது, ஏனென்றால் அங்கே டீரெய்லரின் ஸ்பிரிங் செயினை எப்போதும் இழுத்துப் பிடிக்கிறது, அதன் சின்னச் சக்கரம் பல்லுக்கு நேராகச் செயினைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. சிங்கிள் ஸ்பீடில் இரண்டுமே கிடையாது. செயினைப் பல்லில் நிறுத்துவது நேர்கோடும் சரியான தொய்வும் மட்டும்தான்.

இதையும் கவனியுங்கள். கியர் சைக்கிளின் வெளி ரிங்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எல்லாப் பல்லும் ஒரே உயரம் இருக்காது. சில இடத்தில் நுனி வெட்டினாற்போல் குட்டையாக இருக்கும், உள்முகத்தில் சின்ன ஆணிகளும் பள்ளங்களும் இருக்கும். ஆணி செயினை மேலே தூக்க, குட்டைப் பல் செயினை உள்ளே இறக்கிவிட. அதாவது செயின் உள்பக்கமாகக் கழன்று போவதற்கென்றே செய்த ரிங் அது. அதை வெளியே மாட்டி, பின்பல்சக்கரமும் உள்ளே தள்ளி நின்றால், செயின் எந்தப் பக்கம் கழலும்படி அந்த ரிங்கைச் செய்தார்களோ அந்தப் பக்கமே இழுக்கிறோம். திரு.வி.க. பாலத்தின் இணைப்பில் சைக்கிள் குதித்தபோது எனக்கு அப்படித்தான் செயின் இறங்கியது. பின்னால் மாநகரப் பேருந்து. மிதி சட்டென்று வெறுமையாகி, கால் கீழே போனது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஈசிஆர் வாடை
அது கியர் ரிங்கின் குறை, வெளி இடத்தின் குறை இல்லை. என்னுடைய 46 சிங்கிள் ஸ்பீடுக்கென்றே வந்தது, எல்லாப் பல்லும் ஒரே உயரம், ஆணி கிடையாது. அப்படி வாங்கி, பின்னாலும் 46ல் நிறுத்தினால் உங்கள் வாதம் நிற்காது.

ராயபுரம் ஸ்பேனர்
அப்படி வாங்கி அளந்து போட்டால் நிற்காதுதான். அதை நான் ஏற்கிறேன். ஆனால் கார்டு போட இடம் இருக்காது, பேன்ட்டை மடித்துக் கிளிப் போட வேண்டும். தினமும் அலுவலகம் போகிறவருக்கு நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பெசன்ட் நகர் உப்பு
இங்கே எல்லோரும் ஃப்ரீஹப்பை வைத்தே பேசுகிறோம். என்னுடையது 126 மி.மீ. ஹப், திருகிப் போடுகிற ஃப்ரீவீல். அதில் ஸ்பேசர் அடுக்க வழியில்லை, பல்சக்கரம் நிற்கிற இடத்தில்தான் நிற்கும். ஆக்சில் வாஷரை இடம் மாற்றி, கோட்டம் எடுப்பவரிடம் கொடுத்து ரிம்மை மறுபடி மையத்துக்குக் கொண்டுவந்தால் ஓரளவு நகர்த்தலாம், நான் அதைச் செய்யவில்லை. பின்னால் முதலில் அளந்தேன், அது வெளி ரிங்குக்குப் பக்கமாக வந்தது, வெளியே போட்டேன். மிச்சமிருந்த வித்தியாசத்துக்கு, கிராங்க் சுற்றும் அச்சான பாட்டம் பிராக்கெட்டை மாற்றினேன். 113 ஸ்பிண்டிலை எடுத்துவிட்டு 110 போட்டால் கிராங்க் ஒன்றரை மி.மீ. உள்ளே வரும். இப்போது சத்தமே இல்லை. வாங்குவதற்கு முன் பின்சக்கரத்தை அளந்துவிடுங்கள், என் அனுபவத்தில் மற்றதெல்லாம் அப்புறம்தான்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. செயின்ரிங் போல்ட்டுக்குக் கிரீஸ் வைக்காமல் மாட்டாதீர்கள். உப்புக்காற்றில் பிடித்துக்கொண்டால் பின்பக்க நட்டும் சேர்ந்தே சுற்றும், அதைப் பிடித்து நிறுத்தத் தனி ஸ்பேனர் வேண்டும்.

நங்கநல்லூர் மிதி
ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போயிற்று. சீட்டுக்குக் கீழே இறங்கும் சீட் டியூபின் விட்டம் 28.6, பாதி 14.3. அதன் மேற்பரப்பிலிருந்து 39 ரிங்கின் பல் நடு வரை 27, ஆக உள் இடம் 41.3. இது வரை ஸ்பேனர் அண்ணன் சொன்னபடியே.

பிறகு செயின்ஸ்டே. 39 ரிங்கைவிடச் சுற்றிலும் 6 மி.மீ. பெரிதாக ஒரு அட்டை வட்டம் வெட்டி, ரிங்கோடு ஒட்டிச் சுற்றிப் பார்த்தேன். அட்டையின் ஓரம் செயின்ஸ்டேயில் உரசவில்லை, ஆனால் இடையில் ஒரு ரூபாய் நாணயம்தான் நுழைகிறது.

ஈசிஆர் வாடை
அது போதாது. மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தால் ஸ்டீல் ஃபிரேமும் கிராங்கும் அதைவிட வளையும். உள்ளே 42 வேண்டாம். வெளியே போடுங்கள்.

ராயபுரம் ஸ்பேனர்
42 வேண்டாம் என்பதில் நானும் ஈசிஆர் பக்கம். ஆனால் அதற்காக வெளியே போக வேண்டாமே, கையில் இருக்கிற 39ஐயே உள்ளே வைத்து 15 போடுங்கள். 2.6 வருகிறது, நீங்கள் கேட்ட 42க்கு 16 என்பது 2.625. காலுக்கு வித்தியாசமே தெரியாது. நிமிடத்துக்கு 80 மிதியில் மணிக்கு 26 கி.மீ., வேளச்சேரி நெரிசலில் அதற்கு மேல் எங்கே போகப் போகிறீர்கள்?

ஈசிஆர் வாடை
39க்கு 15 சீக்கிரம் தேயும், சொல்லிவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது செயின் நீட்சியை அளந்து பாருங்கள்.

நங்கநல்லூர் மிதி
39க்கு 15, உள்ளே. பல்சக்கரம் அடிப்பாகம் அகலமானதாக வாங்கினேன், மெல்லிய தகடு அலுமினிய ஃப்ரீஹப்பில் வெட்டி இறங்கும் என்று கடைக்காரர் சொன்னார். ஸ்பேசர் அடுக்கி லாக்நட்டிலிருந்து 24க்குக் கொண்டுவந்தாயிற்று. 52 ரிங் லேத்துக்குப் போயிருக்கிறது. ஒரு சந்தேகம் மட்டும். கிராங்கைச் சுற்றினால் ஒரு இடத்தில் செயின் விறைக்கிறது, எதிர்ப்பக்கம் தொய்கிறது.

ராயபுரம் ஸ்பேனர்
ரிங் மையத்தில் உட்காரவில்லை. விறைக்கிற இடத்தில் கிராங்கை நிறுத்தி, ஐந்து போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, செயினை ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள், ரிங் தானே கொஞ்சம் நகரும். இறுக்கிவிட்டு மறுபடி சுற்றுங்கள். இரண்டு மூன்று தடவையில் சமமாகிவிடும். கார்டு வருகிறவரை இரண்டு தகட்டுக்கான இந்த நீளப் போல்ட்டை நம்பி ரோட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், இறுக்கியதுபோல் இருக்கும், ரிங் ஆடும்.