கூட்டாக வீட்டுக் கடன் எடுத்த பிறகு கடனட்டை கேட்டவர்கள் உண்டா? என் கதை இது

பொங்கோல்வாசி:
போன வருடம் நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து சிங்கப்பூரில் மறுவிற்பனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்று வாங்கினோம். வங்கிக் கடன், இருவர் பெயரிலும். சாவி கைக்கு வந்ததும் ஏர்கான், திரைச்சீலை, அலமாரி என்று செலவு வரிசைகட்டி நின்றது. எப்படியும் செலவழிக்கப் போகிறோம், புள்ளிகளாவது சேரட்டுமே என்று வேறொரு வங்கியில் கடனட்டைக்கு விண்ணப்பித்தேன். மாதச் சம்பளம் 4,200 வெள்ளி, ஆண்டுக்கு 30,000 என்ற குறைந்தபட்சத்தைத் தாராளமாகத் தாண்டுகிறேன். சிங்பாஸ் என்ற அரசாங்க மின் அடையாளக் கணக்கில் நுழைந்தால் வரி விவரம், மத்திய சேமநிதி விவரம் எல்லாம் தானாகப் போய்விடுகிறது. மூன்றாம் நாள் 'வருந்துகிறோம்' என்று ஒரு மின்னஞ்சல். காரணம் ஒரு வரிகூட இல்லை.

வீட்டுக் கடன்தான் காரணம் என்று வீட்டில் ஒரே பேச்சு. மாமியார் வேறு, "அன்னைக்கே அவன் பேர்ல மட்டும் வாங்கியிருக்கலாம்" என்றார். (வீவக வீட்டுக்கு மாதத் தவணை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வீட்டுக்காரர் சம்பளத்தை மட்டும் வைத்து இந்த வீட்டின் சமையலறையைத்தான் வாங்கியிருக்க முடியும், அதை மாமியாரிடம் யார் சொல்வது!)

வேலையிடத் தோழி ஒருத்திதான் வழி சொன்னாள். விண்ணப்பத்துக்குப் பதில் வந்த 30 நாளுக்குள் நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிரெடிட் பீரோ சிங்கப்பூரில் நம் அறிக்கையை இலவசமாக எடுக்கலாமாம், நிராகரித்திருந்தாலும் சரி. எடுத்துப் பார்த்தால் தரம் எஃப்எஃப். மதிப்பெண் கூடினால் தரமும் கூடும்: ஏஏ என்றால் 1911 முதல் 2000 வரை, எஃப்எஃப் 1755 முதல் 1781 வரை. இதுவரை ஒரு பில்லையும் தவறவிடாத எனக்கு இது எப்படி வந்தது?

முதலில் கண்ணில் பட்டது விசாரணைப் பட்டியல், அதாவது நாம் கடன் கேட்டபோது எந்தெந்த வங்கி நம் அறிக்கையைப் பார்த்தது என்ற பதிவு. குறைந்த வட்டி தேடித் தருகிறேன் என்ற கடன் முகவரின் பேச்சைக் கேட்டு ஒரே மாதத்தில் நான்கு வங்கிகளில் முன் ஒப்புதல் கேட்டிருந்தோம். நான்கும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன, கடைசியில் இந்த அட்டை விண்ணப்பம் ஐந்தாவதாக. கொஞ்ச நாளில் இத்தனை இடத்தில் கடன் கேட்டால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்?

அதைவிடப் பெரிய இடி, வீட்டுக் கடன் வரியில் ஒரு மாதத்துக்கு 'ஏ' இருக்கவேண்டிய இடத்தில் 'பி'. அதாவது தவணை 30 நாளுக்கு மேல் தாமதம். விசாரித்தால், வீட்டுக்காரர் வேலை மாறியபோது சம்பளம் அவருடைய புதுக் கணக்குக்குப் போக ஆரம்பித்திருக்கிறது, கூட்டுக் கணக்கில் அவர் பங்கு விழவில்லை, கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் கிரோ திரும்பிவிட்டது, வங்கி அனுப்பிய கடிதம் நாங்கள் வாடகைக்கு இருந்த ஈசூன் முகவரிக்குப் போயிருக்கிறது. குறுஞ்செய்தியும் வந்ததாம், மோசடி என்று நினைத்து அழித்துவிட்டார்! பணம் போடாதது அவர், 'பி' என் அறிக்கையிலும்.

ஜூரோங் வெஸ்ட் தம்பி:
அக்கா, கூட்டுக் கடன் இருந்தாலே அட்டை கிடைக்காது என்பதெல்லாம் சும்மா. நானும் மனைவியும் மூன்று வருடமாகக் கட்டுகிறோம், கடன் கொடுத்த அதே வங்கியே எனக்கு அட்டை கொடுத்தது. மொத்தப் பாக்கி 12 மாத வருமானத்தைத் தாண்டக்கூடாது என்று 2019 ஜூனிலிருந்து இருக்கும் வரம்பு, அட்டைக் கடன், தனிநபர் கடன் போன்ற பிணையில்லாக் கடனுக்குத்தான், வீட்டுக் கடன் அந்தக் கணக்கில் சேராது. என் வருமானத்துக்கு நான்கு மாதச் சம்பளம் வரை தரலாம் என்று விதி இருந்தாலும் கையில் வந்தது 3,000 வெள்ளி வரம்புதான். ஒரு சோபா வாங்கினால் முடிந்தது.

தெம்பனீஸ்காரன்:
என் கதை தலைகீழ். முதலில் அட்டைகள், பிறகு வீட்டுக் கடன். இரண்டு அட்டையில் பாக்கி வைத்திருந்தேன், அவற்றின் குறைந்தபட்சத் தொகையையும் கார் தவணையையும் சேர்த்து வங்கி கணக்குப் போட்டது. எல்லாக் கடன் தவணையும் வருமானத்தில் 55 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும், 2021 டிசம்பருக்கு முன்பு 60 ஆக இருந்தது. அட்டை பாக்கியை முழுதாக அடைத்த பிறகுதான் நாங்கள் கேட்ட தொகை வந்தது. தங்கச்சி, இப்போதைக்கு வேறு எந்த வங்கியிலும் விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள், ஆறாவது விசாரணை எதற்கு?

பொங்கோல்வாசி:
சரி அண்ணா, போடவில்லை. அறிக்கையில் 12 மாதத்துக் கட்டணப் பதிவு தெரிகிறது, அந்த 'பி' வரிசையைவிட்டு நகரும்வரை பழைய அட்டையோடு ஓட்டுகிறேன். முகவரியை மாற்றியாயிற்று, கூட்டுக் கணக்கில் இரண்டு மாதத் தவணை எப்போதும் இருக்கிறது. வீட்டுக்காரர் இப்போது குறுஞ்செய்தி எது வந்தாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் அழிக்கிறார். நேற்று மூன்று வந்தன, இரண்டு மோசடி, ஒன்று மாமியார்.