கரண்ட் போய் வந்தாலே பிரின்டர் ஆஃப்லைன், ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் நெட் இல்லை. உதவுங்கள்

செல்வி டிடிபி:

எல்லோருக்கும் வணக்கம். தாலுகா ஆபிஸ் எதிரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரின்டர், ஃபைபர் நெட். இரண்டு கம்ப்யூட்டரும் பிரின்டரும் முன்னால், மோடம் பக்கத்திலேயே இருக்கின்றன. மூன்றாவது உள்ரூமில்.

ஒரு மாதமாக ஒரே தலைவலி. காலையில் கடை திறந்தால் ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் நெட் வராது. எது என்று சொல்ல முடியாது, இன்று முதல் கம்ப்யூட்டர் என்றால் நாளை உள்ரூம். நெட் வராத கம்ப்யூட்டரில் பிரின்டரும் ஆஃப்லைன் என்று காட்டும். பக்கத்து சீட்டில் இருந்து அதே பிரின்டரில் பிரின்ட் ஜம்மென்று வரும்! இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தால் சில நாள் சரியாகும், சில நாள் ஆகாது.

நெட் கொடுத்தவர்களைக் கூப்பிட்டேன். வந்து போனில் ஸ்பீடு பார்த்துவிட்டு, "லைன் நல்லா இருக்கு, உங்க கம்ப்யூட்டர்லதான் ஏதோ" என்று போய்விட்டார்கள். கம்ப்யூட்டர்காரர் விண்டோஸ் மாற்றிப் போட்டுக் காசு வாங்கினார். மறுநாளே பழைய கதை. வரிசையில் நிற்பவர்கள் முன்னால் மானம் போகிறது. எனக்கு நெட்வொர்க் பற்றி எதுவும் தெரியாது, புரியும்படி சொல்லுங்கள்.

பைட் பாண்டி:

அக்கா, டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். என் வீட்டில் அப்படித்தான் சரியானது.

பழைய ஒயர்மேன்:

பாண்டி, கொஞ்சம் பொறு. டிஎன்எஸ் என்பது பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் வேலை. இணையதளத்தின் பெயரை நாம் அடிக்கிறோம், அதற்குரிய ஐபி எண்ணை அது தேடித் தருகிறது. அது கெட்டால் இணையதளங்கள் திறக்காது, ஆனால் கடைக்குள்ளேயே இருக்கும் பிரின்டர் ஏன் ஆஃப்லைன் ஆக வேண்டும்? கடைக்குள் இருக்கும் இரண்டு பொருள் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்றால், கோளாறும் கடைக்குள்தான்.

செல்விம்மா, மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, உள்ரூம் கம்ப்யூட்டருக்கு ஒயர் எப்படிப் போகிறது? இரண்டு, ஒரு மாதம் முன்னால் கடையில் புதிதாக என்ன மாட்டினீர்கள்? "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள், ஏதாவது இருக்கும். மூன்று, இப்போது நெட் வராத கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் பக்கத்தில் சிஎம்டி என்று அடித்தால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஆல் என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். நீளமாக ஓடும். ஐபிவி4 அட்ரஸ், சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே, டிஎச்சிபி சர்வர் என்ற நான்கு வரி மட்டும் போதும். நன்றாக வேலை செய்யும் கம்ப்யூட்டரிலும் அதே நான்கு வரியை எடுங்கள்.

செல்வி டிடிபி:

நன்றி அண்ணா. உள்ரூமில் வைஃபை எடுக்கவில்லை என்று வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டினோம். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு மாதம்தான் இருக்கும்! மோடத்தில் இருந்து ஒரு லேன் ஒயர் அதற்குப் போகிறது. அதிலிருந்து உள்ரூம் கம்ப்யூட்டருக்கு இன்னொரு ஒயர்.

வேலை செய்யாத முதல் கம்ப்யூட்டர்:
ஐபி 192.168.0.103
மாஸ்க் 255.255.255.0
கேட்வே 192.168.0.1
டிஎச்சிபி சர்வர் 192.168.0.1

வேலை செய்யும் இரண்டாவது:
ஐபி 192.168.1.5
மாஸ்க் 255.255.255.0
கேட்வே 192.168.1.1
டிஎச்சிபி சர்வர் 192.168.1.1

பிரின்டரின் சின்னத் திரையில் 192.168.1.7 என்று இருக்கிறது.

பழைய ஒயர்மேன்:

கிடைத்துவிட்டது. அந்த டிஎச்சிபி சர்வர் வரியைப் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு 0.1 என்பவர் முகவரி கொடுத்திருக்கிறார், இன்னொன்றுக்கு 1.1 என்பவர். ஒரே கடையில் முகவரி கொடுப்பவர் இரண்டு பேர்.

தாலுகா ஆபிஸ் எதிரில் கடை என்கிறீர்கள், டோக்கன் கணக்கில் சொல்கிறேன். ஒயரில் சேரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் வேண்டும், அதுதான் ஐபி முகவரி. அதை நாம் கையால் எழுத வேண்டாம் என்று டோக்கன் கொடுக்க ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார், அவர்தான் டிஎச்சிபி. உங்கள் மோடத்துக்குள் ஒருவர் இருக்கிறார். பழைய ரவுட்டருக்குள்ளும் ஒருவர் இருக்கிறார், அவரை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் "எனக்கு டோக்கன் யார் தருவது?" என்று ஒயர் முழுக்கக் கேட்கும்படி கூவும். யார் முந்திக்கொண்டு கொடுக்கிறாரோ, பெரும்பாலும் அதையே வாங்கிக்கொள்ளும்.

கரண்ட் போய் வந்தால் என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் தெரியுமா? பழைய ரவுட்டர் சின்னப் பெட்டி, சீக்கிரம் எழுந்துவிடும். ஃபைபர் மோடம் எழுந்து நிலைக்கு வரப் பொதுவாகக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் எந்தக் கம்ப்யூட்டர் ஆன் ஆகிறதோ அது தப்பான ஆளிடம் டோக்கன் வாங்கிவிடுகிறது. காலையில் மெயின் சுவிட்ச் போடும்போதும் இதேதான்.

தப்பான டோக்கன் வாங்கினால் என்ன? மாஸ்க் 255.255.255.0 என்றால், முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருப்பவர்கள் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள் என்று பொருள். 192.168.1.5க்கும் 192.168.1.7க்கும் ஒரே கூடம், நேராகப் பேசிக்கொள்ளும். 192.168.0.103 என்ன நினைக்கும்? பிரின்டர் வேறு கூடத்தில் இருப்பதாக. வேறு கூடத்துக்குப் போகவேண்டிய எதையும் வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கும், அந்த வாசல்தான் கேட்வே. அதற்குச் சொல்லப்பட்ட வாசல் 192.168.0.1, அதாவது பழைய ரவுட்டர். அந்த வாசலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, ஏனென்றால் நீங்கள் ஒயரை லேன் ஓட்டையில் செருகியிருக்கிறீர்கள், வெளி நெட்டுக்கென்று அதில் இருக்கும் தனி ஓட்டை, அதாவது வேன் போர்ட், காலி. பிரின்டரும் இல்லை, நெட்டும் இல்லை. இரண்டும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவது அதனால்தான்.

விண்டோஸ் மாற்றிப் போட்டவரை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. இந்த நான்கு வரியைப் பார்த்திருந்தால் போதும்.

புதுசா வந்தவன்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் வீட்டு மோடமும் 192.168.1.1தான். செல்வி அக்கா கடையிலும் அதே எண். மோதிக்கொள்ளாதா?

பழைய ஒயர்மேன்:

மோதாது தம்பி. 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, அப்புறம் 172.16 முதல் 172.31 வரை, இவற்றை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ளே யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1996இல் எழுதிய விதி. இவை இணையத்தில் வெளியே போகாது. ஐபிவி4 என்ற இந்தப் பழைய முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான், உலகத்துக்குப் போதாது. அதனால் உள்ளே எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளியே ஒரே எண்ணில் காட்டும் வேலையை மோடம் செய்கிறது, அதற்கு நாட் என்று பெயர். "என் ஐபி என்ன" என்று தேடினால் வேறு எண் வருவது அதனால்தான். இதற்கு மேல் கேட்காதே, இழை செல்விம்மாவுடையது.

பைட் பாண்டி:

அப்படியானால் மூன்று கம்ப்யூட்டருக்கும் கையாலேயே ஐபி போட்டுவிட்டால் முடிந்தது இல்லையா?

பழைய ஒயர்மேன்:

கம்ப்யூட்டருக்குச் சரி, வந்து போகிறவர்களின் போனுக்கு யார் போடுவது? அங்கே அந்த இரண்டாவது ஆள் டோக்கன் கொடுத்துக்கொண்டேதான் இருப்பார். அவரை நிறுத்துவதுதான் வழி.

செல்விம்மா, கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். வரிசை முக்கியம், மாற்றினால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து (வேலை செய்யும் கம்ப்யூட்டரின் பிரவுசரில் 192.168.1.1) டிஎச்சிபி எந்த எண் முதல் எந்த எண் வரை கொடுக்கிறது என்று பாருங்கள். பல மோடத்தில் 2 முதல் 254 வரை இருக்கும். அதை 100 முதல் 200 வரை என்று சுருக்குங்கள். கீழே உள்ள எண்கள் நமக்கு வேண்டும்.

அடுத்து, மோடத்தில் இருந்து பழைய ரவுட்டருக்கு வரும் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். உள்ரூம் கம்ப்யூட்டரும் பழைய ரவுட்டரும் மட்டும் தனியாக இருக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டரில் 192.168.0.1 திறந்து, லேன் என்ற இடத்தில் ரவுட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். அது ரீஸ்டார்ட் ஆகும். பிறகு 192.168.1.2 என்று திறந்து, இப்போதுதான் டிஎச்சிபியை டிசேபிள் செய்ய வேண்டும். முதலிலேயே டிஎச்சிபியை நிறுத்தினால், ரீஸ்டார்ட் ஆனபின் உங்கள் கம்ப்யூட்டருக்கு டோக்கன் கொடுக்க ஆள் இருக்காது, அந்தப் பக்கமும் திறக்காது.

கடைசியாக ஒயரை மறுபடி செருகி, எல்லாக் கம்ப்யூட்டரையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (ரவுட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் கொடுப்பது) என்று ஒன்று இருந்தால் இத்தனையும் ஒரே கிளிக்கில் முடியும். பழசு என்கிறீர்கள், இருக்காது என்று நினைக்கிறேன்.

செல்வி டிடிபி:

அண்ணா, அவசரம். நீங்கள் சொன்ன வரிசையில்தான் செய்தேன். முன்னால் இரண்டும் நன்றாக இருக்கின்றன, பிரின்டரும் வருகிறது. உள்ரூம் கம்ப்யூட்டரில் மட்டும் 169.254.38.12 என்று நான் கேள்விப்படாத ஓர் எண் வருகிறது. கேட்வே காலி. வைரஸா?

பழைய ஒயர்மேன்:

வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். 169.254 என்று பார்த்தால் ஒன்றுதான்: கம்ப்யூட்டர் கூவிப் பார்த்தது, யாரும் டோக்கன் கொடுக்கவில்லை, அதனால் அதுவே ஓர் எண்ணைக் கிழித்து வைத்துக்கொண்டது. ஒயர் செருகியிருக்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் கூவியது மோடம் வரை போகவில்லை. மறுபடி செருகும்போது ஒயரைப் பழைய ரவுட்டரில் எந்த ஓட்டையில் செருகினீர்கள்?

செல்வி டிடிபி:

தனியாக, நீலக் கலரில் ஒன்று இருந்தது. மற்ற நான்கும் மஞ்சள். இன்டர்நெட் என்று எழுதியிருந்ததால் அதுதான் சரி என்று அதில் செருகினேன்.

பழைய ஒயர்மேன்:

அதேதான். யாராக இருந்தாலும் அங்கேதான் செருகுவார்கள், எழுதி வேறு வைத்திருக்கிறார்கள். அந்த நீலம்தான் வேன் போர்ட். அந்தப் பக்கம் வேறு கூடம், டோக்கன் கேட்கும் கூவல் அதைத் தாண்டாது. மஞ்சள் நான்கும் லேன் ஓட்டைகள், உள்ளுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்தவை, லேன் ஒயர்களை ஒன்றுசேர்க்கும் நெட்வொர்க் சுவிட்ச் மாதிரி. நமக்கு இனி அந்தப் பெட்டி ரவுட்டர் இல்லை. வைஃபை உள்ள வெறும் சுவிட்ச்தான். மஞ்சளில் எதில் வேண்டுமானாலும் மாற்றிச் செருகுங்கள்.

பிறகு கறுப்புத் திரையில் பிங் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, மூன்று முறை சோதியுங்கள். முதலில் 192.168.1.1, பதில் வந்தால் கடைக்குள் சரி. அடுத்து 8.8.8.8 (வெளியே இருக்கும் கூகுளின் டிஎன்எஸ் எண்), வந்தால் வெளியே சரி. மூன்றாவது ஏதாவது இணையதளப் பெயர். எண் வந்து பெயர் மட்டும் வரவில்லை என்றால் அப்போது பாண்டி சொன்ன டிஎன்எஸ்ஸைப் பார்க்கலாம்.

பைட் பாண்டி:

அப்பாடா, என் பேரும் வந்துவிட்டது.

செல்வி டிடிபி:

மாற்றியதும் வந்துவிட்டது அண்ணா! 192.168.1.102. கேட்வே 192.168.1.1. பிங் மூன்றும் பதில் வருகிறது. பிரின்டருக்கு அனுப்பினேன், முன்ரூமில் சத்தம் கேட்டது. வேண்டுமென்றே மெயினை ஆஃப் செய்து ஆன் செய்தேன், மூன்றும் சரியாக எழுந்தன.

ஒரே சந்தேகம். பிரின்டரின் எண் 192.168.1.7தான். அதுவும் டோக்கன்தானே? நாளைக்கு மாறினால்?

பழைய ஒயர்மேன்:

நல்ல கேள்வி, நானே சொல்ல மறந்துவிட்டேன். மோடத்தின் எல்லையை 100 முதல் என்று சுருக்கிவிட்டோம், அடுத்த முறை பிரின்டர் கேட்கும்போது வேறு எண்தான் வரும். கம்ப்யூட்டர்கள் 7ஐயே தேடிக்கொண்டு ஆஃப்லைன் என்று காட்டும். பிரின்டரின் நெட்வொர்க் செட்டிங்கில் போய் ஐபியை மேனுவல் ஆக்கி, அதே 192.168.1.7, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று கையால் போட்டுவிடுங்கள். 100க்குக் கீழ் இருப்பதால் மோடம் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காது. கம்ப்யூட்டரில் எதுவும் மாற்ற வேண்டாம்.

செல்வி டிடிபி:

போட்டுவிட்டேன். பழைய ரவுட்டர் மேல் 192.168.1.2 என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நீல ஓட்டையை என்ன செய்ய? கடைப் பையன் கூட்டும்போது ஒயரைப் பிடுங்கி மாற்றிச் செருகிவிடுவான்.

பழைய ஒயர்மேன்:

இன்சுலேஷன் டேப் ஒட்டி மூடுங்கள்.

செல்வி டிடிபி:

ஒட்டியாச்சு. அண்ணா, பாண்டி, இரண்டு பேருக்கும் நன்றி. இழையை மூடிவிடலாம்.